காற்றைக் குளிரவைத்த ஓட்டுநர்: ஃபிராங்க் லாக்ஹார்ட்டும் இன்டர்கூலரும்

சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முப்பது நாற்பது முறை அழுத்திய பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் கை சுடும். உள்ளே தோல் உரசுவதால் வரும் சூடு அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காற்றை நெருக்கியதால் வந்தது. எந்த வாயுவையும் வேகமாக நெருக்கினால் அது சூடேறும். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கலிஃபோர்னியாவில் ஓர் இளைஞர் ரேஸ் கார்களின் வேகக் கணக்கையே மாற்றினார். அவர் பெயர் ஃபிராங்க் லாக்ஹார்ட். 25 வயதில் இறந்துபோனார்.

இன்று டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, வைத்த கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தவிர, அதைப் போலவே மெல்லிய தகடுகள் அடுக்கிய இன்னொரு பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். அதன் வழியே ஓடுவது தண்ணீர் அல்ல, காற்று. அதுதான் இன்டர்கூலர். அது ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க லாக்ஹார்ட்டின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இன்ஜினின் பசியைப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜின் பெட்ரோலைத் தின்று ஓடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தின்பதில் பெரும்பங்கு காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம், அதில் சிரமமே இல்லை. ஆனால் பிஸ்டன் கீழே இறங்கி மேலே ஏறும் கண்ணிமைப் பொழுதுக்குள் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுகிறதோ அவ்வளவுதான் எரிய முடியும். இன்ஜினின் திறனும் அவ்வளவுதான். அதிகத் திறன் வேண்டுமா? சிலிண்டரைப் பெரிதாக்கலாம். அல்லது அதே சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கலாம். இப்படித் திணிக்கிற கருவிதான் சூப்பர்சார்ஜர். இன்ஜினே சுழற்றிவிடும் ஒரு விசிறி அது. வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, உள்ளே தள்ளும்.

1926-இல் அமெரிக்கப் பந்தய விதி இன்ஜினின் அளவை 91.5 கன அங்குலத்துக்குள், அதாவது 1.5 லிட்டருக்குள் அடக்கிவிட்டது. பெரிதாக்கும் வழி மூடிவிட்டது. எஞ்சியது திணிக்கும் வழிதான். லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டறை வைத்திருந்த ஹாரி மில்லர், எட்டுச் சிலிண்டர்களை ஒரே வரிசையில் அடுக்கி, பின்னால் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஓர் இன்ஜினைக் கொடுத்தார். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று சொல்லத்தக்க இயந்திரம். சூப்பர்சார்ஜர் இல்லாத இன்றைய சிறு காரின் இன்ஜினும் ஏறக்குறைய அதே அளவுதான். அது நூறு குதிரைத்திறன் தந்தாலே நமக்குப் போதும். மில்லர் இன்ஜின் அந்தக் காலத்திலேயே 150-ஐத் தாண்டியது.

லாக்ஹார்ட் 1903-இல் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். கையில் காசு இல்லை. ஆனால் பையனின் மனம் முழுக்க இயந்திரம். கால்டெக் கல்லூரியில் அவருடைய இயற்பியல் அறிவைச் சோதித்த ராபர்ட் மில்லிகன், நோபல் பரிசு பெற்ற அதே மில்லிகன், இவன் பிறவி விஞ்ஞானி என்று வியந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. படிக்கவைக்க வீட்டில் வசதி இல்லை. ஃபோர்டு மாடல் டி காரின் பாகங்களைக் கொண்டு உருவான ஒரு வண்டியில் மண் பாதைகளில் ஓட்டிப் பழகி, பந்தயத்துக்குள் நுழைந்தார்.

1926 மே மாதம், புகழ்பெற்ற 500 மைல் கார் பந்தயம் நடக்கும் இண்டியானாபொலிஸ் நகருக்குப் போனபோது அவருக்கென்று சொந்தக் கார் கிடையாது. யாராவது களைத்துப்போனால் மாற்றாக ஓட்டலாம் என்றுதான் போயிருந்தார். பீட் கிரைஸ் என்ற ஓட்டுநர் நோயில் விழ, அவருடைய மில்லர் கார் இவர் கைக்கு வந்தது. 20-ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினார். மழை வந்து, 500 மைல் பந்தயம் 400 மைலோடு நிறுத்தப்பட்டபோது, இரண்டாம் இடத்தில் இருந்த ஹாரி ஹார்ட்ஸைவிட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். அந்த ஓட்டப்பாதையில் அவருக்கு அது முதல் பந்தயம். ஊர் பேர் தெரியாத இளைஞர் ஒரே பிற்பகலில் நாடறிந்தவரானார்.

பரிசுப் பணம் கைக்கு வந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போகக் காரணம். காரை வாங்கி, அதை நுணுக்கி நுணுக்கி ஆராயத் தொடங்கினார்.

அந்த நாட்களின் பந்தயம் பெரும்பாலும் பலகைப் பாதைகளில் நடந்தது. பலகை என்றால் தரையில் விரித்த பலகை அல்ல. இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குல மரச்சட்டங்களை, அகலப் பக்கம் கீழே படாமல், விளிம்பு மேலே தெரியும்படி செங்குத்தாக நிறுத்தி ஆணியடித்து, ஒன்றரை மைல் சுற்றளவுக்குக் கட்டிய ராட்சதக் கிண்ணம். வளைவுகளில் பாதை 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும். நடந்து ஏற முடியாது. வெயிலிலும் மழையிலும் மரம் உளுத்துப்போகும். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே தச்சர்கள் கீழே நின்று, ஓட்டை விழுந்த இடங்களைச் சரிசெய்வார்கள். அவர்கள் தலைக்கு மேலே கார்கள் பறக்கும். கிளம்பும் மரச்சிராய்கள் ஓட்டுநர்களின் முகத்தில் தைக்கும். இப்படிப்பட்ட பாதையில் பிரேக் பிடிக்கும் திறமை அவ்வளவாக எடுபடாது. முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் யாருடைய இன்ஜின் தளராமல் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. அங்கேதான் சூப்பர்சார்ஜரின் குறை வெளிப்பட்டது. காற்றைத் திணிக்கிறது, சரி. கூடவே அதைக் கொதிக்கவும் வைக்கிறது.

சூடு ஏன் குறை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, கணக்கு இயற்பியலுடையது. வெளியே காற்று 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் அதன் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் சிலிண்டருக்குள் காற்றும் இரண்டு மடங்கு போகும் என்று மனம் சொல்லும். போகாது. நெருக்கும்போது காற்று சூடேறுகிறது. விசிறியின் சொந்தக் குறைபாடுகள் இன்னும் கொஞ்சம் சூடேற்றுகின்றன. வெளியே வரும் காற்று சுமார் 125 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரியும், விரிந்த காற்று இடத்தை அடைக்கும். ஆகவே முன்பு போனதைப்போல ஒன்றரை மடங்கு காற்றுதான் உள்ளே போகும். கல்யாணப் பந்தியில் நூறு பேரை உட்காரவைக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் கையை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுபத்தைந்து பேருக்குத்தான் இலை போட முடியும். அந்த நிலைதான்.

இப்போது அந்தச் சூடான காற்றைச் சிலிண்டருக்குள் விடுவதற்கு முன்னால் வழிமறித்து, 60 டிகிரிக்குக் குளிர்வித்தால்? அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், காற்று சுருங்கும். ஒன்றரை மடங்கு என்பது 1.8 மடங்காகிவிடும். சூப்பர்சார்ஜரைத் தொடவில்லை, சிலிண்டரைப் பெரிதாக்கவில்லை, விதியையும் மீறவில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் திறன் வெறும் குளிர்ச்சியிலிருந்து பிறக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த எரிகலவை அதிகச் சூடாக உள்ளே போனால், தீப்பொறி முறைப்படி எரிக்கும் முன்பே தானாக வெடித்து பிஸ்டனை அடித்து நொறுக்கும். குளிர்ந்த கலவையில் அந்த ஆபத்து குறைவு. இன்ஜினை இன்னும் கொஞ்சம் விரட்டலாம்.

லாக்ஹார்ட் இதைத்தான் செய்தார். ஜான் வைசல், ஜீனஸ் வைசல் என்ற சகோதரர்கள் அவருக்குத் துணையாக இருந்தார்கள். மனத்தில் தோன்றுவதை வரைபடமாக்கிக் கணக்கும் போட்டுத்தரும் பொறியியல் அறிவு அவர்களிடம் இருந்தது. சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே, தகடு தகடாக விரிந்த ஓர் உலோகப் பெட்டியை வைத்து, எரிகலவையை அதன் வழியே சுற்றிவரச் செய்தார்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்று அந்தத் தகடுகளில் மோதிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். தொழிற்சாலைக் காற்றழுத்தி இயந்திரங்களில் இப்படி இடையில் குளிர்விப்பது முன்பே வழக்கத்தில் இருந்தது. அதை ரேஸ் காரின் சூப்பர்சார்ஜருக்குக் கொண்டுவந்து, ஓட்டி, வென்று காட்டியது லாக்ஹார்ட்தான். காப்புரிமையும் பெற்றார்.

பலன் உடனே தெரிந்தது. 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் முராக் வறண்ட ஏரியில், அந்த ஒன்றரை லிட்டர் காரில் இரு திசைகளிலும் ஓடி மணிக்கு 164 மைல் சராசரி எடுத்தார். ஒரு திசையில் மட்டும் 171 மைல், அதாவது 275 கிலோமீட்டர். மே மாதம் அட்லாண்டிக் சிட்டி பலகைப் பாதையில் ஒரு சுற்றை மணிக்கு 147.229 மைல் வேகத்தில் முடித்தார். அமெரிக்கச் சாம்பியன்ஷிப் பந்தயங்களின் தகுதிச் சுற்றில் அந்த வேகத்தை இன்னொருவர் தாண்ட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மே மாதம் இண்டியானாபொலிஸில் 120.1 மைல் வேகத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, 110 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். 120-ஆவது சுற்றில், பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் முறிந்தது. 1926, 1927 இரண்டு ஆண்டும் நாட்டுச் சாம்பியன் பட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடமே கிடைத்தது; இதை எழுதும்போதுகூட மனம் ஆறவில்லை.

அடுத்து அவர் கண் பதிந்தது நிலத்தில் ஓடும் வாகனத்தின் உலக வேக சாதனையில். இங்கே இன்னொரு கருத்தையும் தெரிந்துகொண்டால்தான் அவருடைய துணிச்சலின் அளவு புரியும்.

கார் ஓடும்போது காற்று தடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடுப்பு நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு தடுப்பை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. மணிக்கு 100 மைல் ஓட 60 குதிரைத்திறன் போதுமென்றால் 200 மைல் ஓட 480 வேண்டும். இதற்கு அன்றைய எல்லோரும் கண்ட விடை ஒன்றுதான்: விமான இன்ஜினைத் தூக்கிக் காரில் வை. 1927 மார்ச்சில் முதன்முதலாக 200 மைலைத் தாண்டிய பிரிட்டிஷ் வீரர் ஹென்றி சீக்ரேவின் காரில் இரண்டு விமான இன்ஜின்கள். 1928 பிப்ரவரியில் 206.96 மைல் எட்டிய மால்கம் கேம்பெல்லின் ப்ளூ பேர்டில் சுமார் 24 லிட்டர் நேப்பியர் விமான இன்ஜின். அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் அமெரிக்கர் ரே கீச் 207.55 மைல் ஓடிய வொயிட் ட்ரிப்ளெக்ஸில் மூன்று லிபர்ட்டி விமான இன்ஜின்கள்; 36 சிலிண்டர்கள், 81 லிட்டர்.

லாக்ஹார்ட்டின் கார் 3 லிட்டர்.

தவறாகப் படிக்கவில்லை. 81 லிட்டரோடு மோத 3 லிட்டர். இரண்டு மில்லர் இன்ஜின்களைப் பக்கத்தில் பக்கமாக ஒரே அடிப்பெட்டியில் பொருத்தி, 16 சிலிண்டர் இன்ஜின் ஒன்றை உருவாக்கினார். அதற்கு இரண்டு சூப்பர்சார்ஜர்கள், இன்டர்கூலரும் உண்டு. தடுப்பை வெல்ல இன்னும் பெரிய இன்ஜின் தேடுவதற்குப் பதிலாகத் தடுப்பையே குறைத்துவிட்டால் என்ன என்பதுதான் அவருடைய வாதம். உடல் ஒருவர் ஒடுங்கி உட்காரும் அளவுக்கே குறுகியது. சிறு மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் கண்ணீர்த்துளி வடிவில் மூடிகள். இன்டர்கூலர் தனியே துருத்திக்கொண்டு நின்றால் காற்று தடுக்கும் அல்லவா? பானெட்டின் மேற்பரப்பையே இன்டர்கூலராக்கிவிட்டார்கள். முன்பக்கம் திறந்த ரேடியேட்டரும் கிடையாது. இன்ஜினைச் சுற்றும் தண்ணீரைப் பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் குளிர்வித்தார்கள். சில நிமிடம் ஓடினால் போதும் என்பதால் அது சரிப்பட்டது. இண்டியானாபொலிஸின் ஸ்டட்ஸ் கார் நிறுவனத் தலைவர் ஃபிரெட்ரிக் மாஸ்கோவிக்ஸ் பட்டறை இடமும் பண உதவியும் ஏற்பாடு செய்தார். காருக்கு ஸ்டட்ஸ் பிளாக் ஹாக் என்று பெயர்.

களம் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரை. டேட்டனில் பிறந்தவர் டேட்டோனாவுக்கு வந்தார். அலை பின்வாங்கும் நேரத்தில் ஈர மணல் இறுகித் தார்ச்சாலைபோல ஆகிவிடும். மைல்கணக்கில் நேராகக் கிடக்கும். விதி இதுதான்: ஒரு திசையில் ஓடி, திரும்பி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும், காற்று ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் தடுக்கும் என்பதால் இரண்டின் சராசரிதான் கணக்கு.

1928 பிப்ரவரி 22 அன்று, மங்கலான வானிலையில் ஓடியபோது கார் தடம் புரண்டு கடலுக்குள் உருண்டது. இருக்கையில் சிக்கிக்கொண்டவரின் தலைக்குமேல் அலை வந்து வந்து போனது. கரையில் இருந்தவர்கள் தண்ணீருக்குள் ஓடி, கயிறு கட்டிக் காரை இழுத்து அவரை உயிரோடு மீட்டார்கள். ஆஸ்பத்திரியில் தேறினார். உருக்குலைந்த காரை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பித் திரும்பக் கட்டச் செய்து, இரண்டே மாதத்தில் மீண்டும் அதே கரைக்கு வந்து நின்றார்.

ஏப்ரல் 25 காலை. கீச்சின் சாதனைக்கு மூன்று நாள்தான் வயது. லாக்ஹார்ட் சில ஓட்டங்கள் ஓடினார். அவற்றில் ஒன்றில் 203 மைலைத் தாண்டினார். 3 லிட்டர் இன்ஜின், 325 கிலோமீட்டருக்கு மேல். அவருடைய கணக்கு தப்பவில்லை. அடுத்த ஓட்டத்தில், ஏறத்தாழ அதே வேகத்தில் வரும்போது, பின்பக்க வலது டயர் வெடித்தது. கார் காற்றில் எகிறிப் புரண்டு புரண்டு விழுந்தது. தூக்கி எறியப்பட்ட லாக்ஹார்ட் உயிரிழந்தார்.

முந்தைய ஓட்டத்தின் முடிவில் டயர் மணலில் தேய்ந்து இழுபட்டபோது கூரான சிப்பி ஒன்று அதைக் கீறியிருக்கலாம் என்பது அப்போதிருந்தே சொல்லப்படும் காரணம். ஒரு சிப்பிக் கீறலா ஒரு மனிதரைக் கொன்றது என்று நம்ப முடியாதவர்களுக்காக இன்னொரு கணக்கு. 30 அங்குல விட்டமுள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 மைல் வேகத்தில் அது நொடிக்கு 37 முறை சுழலும். அந்தச் சுழற்சியில் டயரின் வெளிப்புற ரப்பரின் ஒவ்வொரு கிராமும் இரண்டு கிலோ எடைபோல வெளிப்பக்கம் இழுக்கும். ரப்பர் அந்த இழுப்பைத் தாங்குவது உள்ளே பின்னிய நூலடுக்குகளின் வலுவால். அந்த நாளில் அது பருத்தி நூல். அடுக்கு ஓரிடத்தில் அறுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள ரப்பர் முழுவதும் கிழித்துக்கொண்டு பறக்கப் பார்க்கும். நின்றுகொண்டிருக்கும் காரில் கண்ணுக்கே தெரியாத கீறல் 200 மைல் வேகத்தில் பெரும் கிழிசலாகிவிடுகிறது. காற்றையும் சூட்டையும் தடுப்பையும் கணக்கில் அடக்கிய மனிதரின் கைக்கு டயர் அடங்கவில்லை. அன்று அது எவர் கைக்கும் அடங்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் 13-இல் அதே கடற்கரையில் வொயிட் ட்ரிப்ளெக்ஸை ஓட்டிய லீ பைபிள் என்பவரும் இறந்தார். கரையில் நின்ற ஒளிப்பதிவாளர் ஒருவரும் உடன் பலியானார். அந்தக் காரைத் திரும்ப ஓட்டமாட்டேன் என்று மறுத்திருந்த ரே கீச், 1929 மே மாதம் இண்டியானாபொலிஸில் வென்றார். இரண்டு வாரம் கழித்து ஆல்டூனா பலகைப் பாதையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பிளாக் ஹாக்கின் உடல் நொறுங்கிவிட்டது. ஆனால் அந்த 16 சிலிண்டர் இன்ஜின் பிழைத்துக்கொண்டது. 1938-இல் இண்டியானாபொலிஸின் விதி மாறி, சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜினுக்கு 3 லிட்டர் எல்லை என்று வந்தது. லாக்ஹார்ட் பத்தாண்டுக்கு முன் கட்டிய அளவு அதற்குள் கச்சிதமாகப் பொருந்தியது. ஆல்டன் சாம்ப்ஸன் என்பவர் அந்த இன்ஜினுக்கென்று புதிய கார் ஒன்றைக் கட்டச் செய்தார். 1939-இல் பாப் ஸ்வான்ஸன் அதை ஓட்டினார். போர் முடிந்த பின் 1946-இல் சாம் ஹேங்க்ஸ் அதே காரில் தகுதி பெற்று, முதல் வரிசையிலிருந்து புறப்பட்டார்.